தயாளன் தனியாக வாசிக்க வேண்டிய இடம்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை மாலதி போன் செய்தாள்.

"ஆரணிக்குப் போகணும். வர்றியா?"

"புடவை எடுக்கவா?"

"இல்லை. ஆளை எடுக்க."

மாலதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் என் ரூம்மேட். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ டீச்சர். மிச்ச நேரத்தில் இசை எழுதுகிறாள். சினிமாவுக்கு இல்லை. பாட்டும் இல்லை. மேற்கத்திய பாணியில், ஆர்கெஸ்ட்ராவுக்காக, பக்கம் பக்கமாக. "இதெல்லாம் யார் கேட்டாங்க?" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "யாரும் கேக்கலை. அதனாலதான் நிம்மதியா எழுதறேன்" என்றாள்.

இந்த வருடம் மூன்று புதிய படைப்புகளை முடித்திருந்தாள். ஒன்று வயோலாவுக்கும் (வயலினைவிடச் சற்றுப் பெரியது) ஆர்கெஸ்ட்ராவுக்கும். இன்னொன்று சின்னது. ஒரு கிளாரினெட், நான்கு தந்தி வாத்தியங்கள், அவ்வளவுதான். ஐந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிக்கொள்வது போல இருக்கும். மூன்றாவது, டபுள் பாஸுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் லேசாகச் சிரிப்பார்கள். வயோலா, டபுள் பாஸ் எல்லாம் ரிக்கார்டிங் தியேட்டரில் பின் வரிசை. அவர்களை முன்னால் கூப்பிட்டு நிற்க வைத்து யாராவது எழுதுவார்களா? "முன் வரிசைக்காரங்களுக்கு எழுத உலகத்துல நிறையப் பேர் இருக்காங்க" என்பாள் மாலதி.

டபுள் பாஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் பெரிய வயலின். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வாசிப்பார்கள். ஆனால்… கேட்டிருக்கிறீர்களா? பாட்டின் அடியில் எங்கேயோ கிடக்கும். எடுத்துவிட்டால் என்னவோ குறைகிறது என்று தெரியும். இருக்கும்போது இருப்பது தெரியாது.

அதை வாசிப்பவர்தான் தயாளன். ஆரணிக்காரர். வயலின் கற்றுக்கொண்டு சென்னைக்கு வந்தார்; அங்கே காலியாக இருந்த இடம் டபுள் பாஸ் மட்டும்தான் என்பதால் அதற்கு மாறினார். இருபது வருடமாக சினிமாப் பாட்டுகளுக்கு வாசிக்கிறார். சென்னையில் ஒரு சின்ன ரூம். லீவு கிடைத்தால் ஊர். மனைவி தேவகி ஆரணியிலேயே இருக்கிறார். வீட்டுப் பின்புறம் ஷெட் போட்டு இரண்டு பவர்லூம் தறி ஓட்டுகிறார்.

சரி, ஆளை எடுக்கப் போவானேன்?

மாலதியின் மூன்று படைப்புகளையும் அடுத்த ஞாயிறு அரங்கேற்றுவதாக ஏற்பாடு. சினிமாக்காரர்களுக்கு இரண்டாவது ஞாயிறு விடுமுறை அல்லவா? தெரிந்த வாத்தியக்காரர்கள் எல்லோரும் சும்மாவே வந்து வாசிக்கச் சம்மதித்திருந்தார்கள். அவள் எழுதியதை மொத்தமாக, மனிதர்கள் வாசித்து, அவளே கேட்கப் போவது அதுதான் முதல் தடவை. முந்தின ஞாயிறு மாலை ஒத்திகை. முன்னால் நின்று கையசைத்து நடத்துவதும் மாலதிதான். தயாளன் நன்றாகத்தான் வாசித்திருக்கிறார். நடுவில் ஓர் இடம் வருகிறது. அந்த இடத்தில் ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் நின்றுவிடும். டபுள் பாஸ் மட்டும் தனியாக, மூன்று நிமிடம் போல, தன் பாட்டைச் சொல்ல வேண்டும்.

"நான் கையை இறக்கினேன். எல்லாரும் வில்லை இறக்கிட்டாங்க. அவர் வில்லைத் தந்தி மேல வெச்சார். அப்படியே நின்னார்" என்றாள் மாலதி, பஸ்ஸில். "திரும்ப ஆரம்பிச்சோம். திரும்பவும் அதே இடம். அதே மாதிரி நின்னார். ‘தண்ணி குடிச்சுட்டு வர்றேன் மேடம்’னு போனவர்தான்."

அந்தப் புதன்கிழமை விடிந்ததும் தேவகியிடமிருந்து மாலதிக்குப் போன் வந்திருக்கிறது. "அவரு இங்கதான் இருக்காருங்க. போன் வந்தா இல்லைன்னு சொல்லச் சொன்னாரு. நீங்களா பண்ணாத்தான அப்பிடிச் சொல்லணும்? அதான் நானே பண்ணேன்."

ஒத்திகை ஹாலில் விட்டுப்போன டபுள் பாஸையும் திங்கட்கிழமை காலை வந்து எடுத்து ஊருக்குக் கொண்டு போயிருந்தார் தயாளன். சென்னைக்குப் புடவை மூட்டை கொண்டுவந்த வேன் ஒன்று திரும்பும்போது அதையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

"ஓடிப்போறவர் எதுக்கு அவ்வளவு பெரிய வாத்தியத்தைத் தூக்கிட்டு ஓடணும்?" என்று நான் கேட்டேன்.

"அந்த ஒரு நம்பிக்கையிலதான் நான் பஸ் ஏறியிருக்கேன்" என்றாள் மாலதி.

செய்யாரில் பஸ் மாறி, மத்தியானத்துக்கு முன் ஆரணி போய்ச் சேர்ந்தோம். அந்தத் தெருவில் நுழைந்ததுமே காது அடைத்துவிட்டது. வீட்டுக்கு வீடு தறி. டடக் டடக் டடக் என்று தெருவே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும்.

தயாளன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒல்லியான மனிதர். முகத்தில் மூன்று நாள் தாடி. ஹாலின் மூலையில், டி.வி.க்குப் பக்கத்தில், பெட்ஷீட் போர்த்திய டபுள் பாஸ். தேவகி வந்து, "வாங்க வாங்க… கலர் குடிக்கிறீங்களா, காப்பி போடட்டுமா?" என்று விசாரித்தார். போன் செய்தது தாம்தான் என்று காட்டிக்கொள்ளவே இல்லை. கலர் சோடா பாட்டில்களைக் கையில் கொடுத்துவிட்டு, "தறி நிக்குதுங்க, தோ வந்துர்றேன்" என்று பின்னால் போய்விட்டார்.

பிறகு தயாளனே ஆரம்பித்தார்.

"தப்புதான் மேடம். சொல்லாம வந்திருக்கக் கூடாது."

"அதை விடுங்க. அந்த இடம் கஷ்டமா இருக்கா? விரல் போகலியா?"

"விரலு போவுதுங்க. இங்க தெனமும் வாசிக்கிறேன். எல்லாம் போவுது." கொஞ்சம் யோசித்தார். "கூட்டத்தோட வாசிக்கிறப்ப ஒரு சௌகரியம் இருக்குது மேடம். நல்லா வாசிச்சாலும் நான்னு தெரியாது, தப்பு பண்ணாலும் நான்னு தெரியாது. இருவது வருஷம் அப்பிடியே இருந்துட்டேன். அன்னிக்கி நீங்க கைய எறக்குனதும் அத்தினி பேரும் திரும்பிப் பாக்கிறாங்க. எம் மூச்சு எனக்கே கேக்குது. வில்லு கையில இருக்குது… ஆனா கை யாருதோ மாதிரி ஆயிடுச்சு."

மாலதி இதற்கு அறிவுரை ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் ஒரு பத்திக்கு வருகிற அளவு சொல்லியிருப்பேன். அவள் பையிலிருந்து தன் இசைத்தாள்களை எடுத்தாள். அந்தப் பக்கங்களைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த இடத்தை எடுத்துடலாம்" என்றாள். "பின்னால வயலின்களைக் கொஞ்சம் வாசிக்க வெச்சு மூடிடறேன். நீங்க தனியா தெரிய மாட்டீங்க. எனக்கு அந்த இடத்தைவிட நீங்கதான் முக்கியம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் அவள் அந்தப் படைப்பையே எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். எத்தனை தடவை அடித்து அடித்து எழுதினாள் என்பதும் தெரியும்.

தயாளன் தலையாட்டினார். நிம்மதியாக இருக்க வேண்டியவர். ஆனால் முகம் அப்படி இல்லை. பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் மாலதி. "எடுக்கறதுக்கு முன்னால ஒரு தரம் எனக்காக வாசிப்பீங்களா? எழுதினேனே தவிர, நான் அதை முழுசாக் கேட்டதே இல்லை. இங்கே நாங்க ரெண்டு பேர்தான். இந்தத் தறி சத்தத்துல எங்களுக்கே பாதிதான் கேக்கும்."

தயாளன் தறி ஷெட் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பெட்ஷீட்டை எடுத்தார்.

"இங்க வாசிக்கிறதுல அதாங்க வசதி" என்றார், வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டே. "தறி ஓடிகினு இருக்கும். யாருக்கும் கேக்காது. என்னா, இந்த வாட்டி வந்த நூலு சரியில்ல போல… அடிக்கடி இழை அறுந்துபோய் தறி நின்னு நின்னு ஓடுது. இவ பேஜார் புடிச்சுக் கெடக்கிறா."

வாசிக்க ஆரம்பித்தார்.

எனக்கு இசை ஞானம் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன். முதலில் தறி சத்தம்தான் கேட்டது. அப்புறம் அதற்குக் கீழே ஏதோ ஒன்று நகர்ந்தது. பெரிய உடம்புக்காரர் ஒருவர் யாரையும் எழுப்பாமல் இருட்டில் நடப்பது மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார் தயாளன். மாலதி தாளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று.

தெரு முழுக்க ஒரே அடியாக நின்றது. மின்விசிறி நின்றது. அந்தத் தெருவில் அப்படி ஓர் அமைதி இருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. டபுள் பாஸ் மட்டும் ஒரு கணம், தன்னந்தனியாக, ஹால் நடுவே நின்று ஒலித்தது.

தயாளன் கண்ணைத் திறந்தார். வில் நின்றுவிட்டது.

ஒத்திகையில் நடந்தது இதுதான் என்று எனக்குப் புரிந்தது. முகம் வெளுத்து, வில்லைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார்.

பின்கட்டுக் கதவு திறந்தது. தேவகி. கையெல்லாம் தறி எண்ணெய். முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் இருக்குதே. மேல போயி, அங்கியே கொஞ்ச நேரம் நின்னு, அப்புறம் மெதுவா எறங்கும் இல்ல… மாடு கன்னைக் கூப்புட்ற மாதிரி."

தயாளன் அவரையே பார்த்தார். "அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டேன்."

"தறி ஓடிகினு இருக்கிறப்பவா?"

தேவகி எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நிறுத்திட்டுக் கேட்டேன்" என்றார். "செவுத்துல காத வெச்சுகினு."

"அப்ப அந்த இழை அறுந்தது…"

"இழை எல்லாம் ஒண்ணும் அறுவல. நூலு நல்ல நூலுதான்." கையைத் திரும்பவும் முந்தானையில் துடைத்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து ரேடியோவுல ஒவ்வொரு பாட்டுக்கும் ‘தோ, இதுல நான் வாசிச்சிருக்கிறேன்’னு சொல்லிகினு இருக்கிறீங்க. நானும் தலைய ஆட்டிகினு இருக்கிறேன். ஒரு வாட்டி கூட எனக்குக் கேட்டதில்ல. இப்ப வூட்டுக்குள்ளயே வாசிக்கிறீங்க… தறிய ஓட்டிகினு இருன்னா எப்பிடிங்க?"

தயாளன் வில்லைத் தாழ்த்தினார். யாருக்கும் கேட்காது என்று நினைத்து வாசித்ததையெல்லாம் ஓர் ஆள் முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் ரசித்து. திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு ஒரு சபை இருந்திருக்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.

"வாசிங்க" என்றார் தேவகி. நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

தயாளன் வாசித்தார். முதலில் இருந்து. மேலே போய், அங்கேயே நின்று, மெதுவாக இறங்கி… பாதியில் கரண்ட் வந்து பக்கத்து வீட்டுத் தறிகள் எல்லாம் கிளம்பிவிட்டன. தேவகி எழுந்திருக்கவில்லை. வாசித்து முடிக்கும்வரை அந்த வீட்டுத் தறி ஓடவே இல்லை.

மாலதி தாள்களை அடுக்கிப் பையில் வைத்தாள். அந்த இடத்தை எடுப்பதைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்துடுங்க" என்றாள். "ரெண்டு பேரும்."

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "சரியா வாசிச்சாரா?"

"நான் எழுதினதைவிட மெதுவா வாசிச்சார்."

"அப்போ தப்பா?"

"இல்லை. நான்தான் வேகமா எழுதிட்டேன்" என்றாள். பஸ் ஆடிய ஆட்டத்தில் பென்சிலை எடுத்துத் தாளில் எதையோ திருத்தினாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காஞ்சிபுரம் வரும்வரை திரும்பவில்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை.

ஞாயிறு கச்சேரி ஒரு பள்ளிக்கூட ஹாலில். கூட்டம் பெரிதாக இல்லை. பாதி நாற்காலி காலி. வயோலா நன்றாக நடந்தது. கிளாரினெட்டுக்குக் கைதட்டல் பலம். கடைசியில் தயாளன் வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். மாலதி கையை இறக்கினாள். எல்லோரும் வில்லை இறக்கினார்கள். ஹால் நிசப்தமாயிற்று. ஒரு விநாடி, இரண்டு விநாடி…

ஆரம்பித்துவிட்டார்.

ஓர் இடத்தில் வில் பக்கத்துத் தந்தியில் பட்டுக் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. எல்லோருக்கும் கேட்டது. தப்பு யாருடையது என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. கூரை அப்படியே இருந்தது. அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போனார்.

முடிந்ததும் இரண்டாவது வரிசையில் இருந்த தேவகியிடம் போய், "எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வூட்ல இன்னும் நல்லா இருந்துச்சு" என்றார்.

எனக்கென்னவோ அதன் பிறகு ஒரே யோசனை. நாம் எல்லோரும் எங்கேயாவது ஒரு பின் வரிசையில்தானே சௌகரியமாக ஒளிந்திருக்கிறோம்? ஆபீஸ் மீட்டிங்கில், கல்யாண வீட்டில், கூட்டத்தோடு கூட்டமாகக் கைதட்டிக்கொண்டு… நம் சத்தம் தனியாகக் கேட்டுவிடக் கூடாது என்பதில் எத்தனை ஜாக்கிரதை! ஆனால் எங்கேயோ ஒருத்தர் தன் வேலையை நிறுத்திவிட்டு நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நம்மிடம் சொல்லாமலேகூட.

போன வெள்ளிக்கிழமை தயாளன் போன் செய்தார். உற்சாகம் தாங்கவில்லை.

"நேத்து ரிக்கார்டிங்ல இஞ்சினியர் மைக்ல கூப்புட்டுச் சொன்னாருங்க மேடம். ‘தயாளன், கொஞ்சம் அடக்கி வாசிங்க, உங்க சத்தம் மட்டும் தனியா கேக்குது’ன்னு."

அடக்கி வாசித்தீர்களா என்று கேட்டேன்.

"முயற்சி பண்ணேங்க" என்றார். குரலில் முயற்சி எதுவும் தெரியவில்லை.