ஹாரன் சத்தத்துக்கு வைத்த உலை

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ஹாரன்காரி என்று கேட்டால் கைக்குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். அவள் பஸ் ஓட்டுகிறவள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பாறையை ஒட்டிய குருட்டு வளைவில் திரும்பி, மலைச்சரிவின் அடியில் நீளும் அந்தத் தெருவின் கடைசி வரை போய், அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவாள். வளைவுக்கு முன்னால் ஹாரனில் கை வைத்தாள் என்றால் தெரு தாண்டுகிறவரை எடுக்க மாட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் நூலிழையில் தப்பினான். அன்றைக்கு வந்த பயம் அவளுக்கு. பயந்தவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிற ரகமும் இல்லை. "செத்தவன் வந்து சத்தம் அதிகம்னு சொல்ல மாட்டான். உயிரோட இருக்கறவன் சொல்லிட்டுப் போகட்டும்" என்பாள்.

சொன்னார்கள், சொல்லாமல் இருப்பார்களா? டியூஷன் வாத்தியார் பிள்ளைகள் காதில் பாடம் ஏறவில்லை என்று டிப்போவுக்கு மனு எழுதினார். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் காவல்காரர் அதில் கையெழுத்துப் போட்டார். டிப்போ மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் வேறு தடத்துக்கு மாற்றிவிடுவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆனால் மனு எழுதிய அதே தெரு அவளுடைய ஹாரனை நம்பித்தான் பிழைத்தது. சாயங்காலம் அவள் கடைசி நடை வரும்போது அடிக்கிற ஹாரன்தான் அங்கே அடுப்பு பற்றவைக்கிற நேரம். சுவரில் கடிகாரம் மாட்டியிருப்பவர்கள்கூட அதைப் பார்க்க மாட்டார்கள்.

அவள் வீட்டிலும் அப்படித்தான். வளைவைத் தாண்டியதும் வருகிற முதல் வீடு அவளுடையது. கணவன் எங்கேயோ தூரத்து ஆலையில் வேலை பார்த்தான், எப்போதாவது வருவான். வீட்டில் அவளும் மாமியாரும்தான். பெண்பிள்ளை பஸ் ஓட்டினால் ஊர் சிரிக்கும் என்று மாமியார் குதித்தாள். மருமகள் கேட்கவில்லை. "உன் வண்டியில ஏறவும் மாட்டேன், உன்கிட்டப் பேசவும் மாட்டேன்" என்று கடைசியாகச் சொன்னவள், அதற்குப் பிறகு மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அண்டாவிடமோ அடுப்பிடமோ சொல்வாள். "பசிக்கிறவங்க தட்டெடுத்துட்டு உக்காரலாம்" என்று அண்டாவுக்குச் சேதி போகும். இருந்தாலும் வேலை முடிந்து வருகிறவளுக்கு ஒருநாளும் ஆறின சோறு போட்டதில்லை. அது எப்படி என்று மருமகள் யோசித்ததே இல்லை.

இப்படி இருக்கையில்தான் மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் பெய்கிற மழை இல்லை, விடாமல் பெய்கிற மழை. துணி காயவில்லை, சுவரெல்லாம் வியர்த்தது, ஆறு பாலத்தின் தூண்களை விழுங்கிக்கொண்டே மேலே வந்தது. சரிவு இறங்கலாம், அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி வந்து சொன்னது. முதல் தடவை எல்லாரும் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவையும் போய், பெஞ்சில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாம் தடவை வண்டி வந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்று மதியமே பொழுது சாய்ந்ததுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"பாலத்து மேல தண்ணி ஏறப்போகுது. அதுக்குள்ள அந்தத் தெருவையே காலி பண்ணிக் கூட்டிட்டு வந்துடும்மா. வரமாட்டேன்னு அடம்பிடிக்கறாங்களாம்."

"ஹாரன் அடிக்கலாமா சார்?"

"எதையாவது அடிம்மா. ஆளுங்க வந்தா போதும்."

கூடவே கண்டக்டர் கிளம்பினான். அவனுக்கு ரைட்டு என்று பெயர். வீட்டில் மனைவி சண்டைக்கு வந்தாலும் "ரைட்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற ஆள்.

வளைவில் ஆரம்பித்துத் தெருக் கோடி வரை ஹாரனில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. இவ்வளவு சத்தம் கேட்டால் கல்லும் வெளியே ஓடிவரும் என்று நம்பினாள். ஒருவரும் வரவில்லை. மாறாக, ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் புகை கிளம்பியது. ஹாரன் கேட்டது, வெளியே இருட்டாக இருக்கிறது, சாயங்காலம் ஆகிவிட்டது என்று தெரு மொத்தமும் அடுப்புப் பற்றவைத்துவிட்டது.

"அக்கா, நல்லாக் கூப்பிட்ட போ" என்றான் ரைட்டு. "உலை வச்சுட்டாங்க."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் தெருக் கோடியில் வண்டியைத் திருப்பும்போது சரிவு இறங்காமல் கட்டிய தடுப்புச் சுவரைப் பார்த்தாள். சுவரின் ஓட்டைகளில் எப்போதும் தெளிவாக வடிகிற தண்ணீர் இப்போது குழம்பிய சேறாகப் பீய்ச்சி அடித்தது. மேலே நின்ற மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. வீடு வீடாகப் போய்க் கெஞ்ச நேரமில்லை. மலை வருகிறது என்றால் நம்ப மாட்டார்கள், அதை ஏற்கெனவே கேட்டுச் சலித்துவிட்டார்கள்.

எத்தனையோ வருஷமாகக் கண்ணாடியில் அந்த ஜனங்களைப் பார்த்து வருகிறவள் அவள். நிற்கிற பஸ்ஸைக் கண்டால் ஆடி அசைந்து வருவார்கள். நகர்கிற பஸ்ஸைக் கண்டால் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள்.

"ரைட்டு, படியில நின்னு கத்து. கடைசி பஸ், இதுக்கு மேல கிடையாதுன்னு சொல்லு. மலையப் பத்தி மூச்சு விடாதே."

கியரைப் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டினாள். "கடைசி பஸ், கடைசி பஸ், போகுது போகுது, ரைட் ரைட்" என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான்.

அவ்வளவுதான், தெரு பொத்துக்கொண்டு வந்தது. எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கரண்டியும் கையுமாக ஒருத்தி வந்தாள். காவல்காரர் தலையணையோடு வந்தார். டியூஷன் வாத்தியார் பிள்ளைகளை முன்னால் விட்டு, செருப்பில்லாமல் "நிறுத்தும்மா, நிறுத்தும்மா" என்று பின்னாலேயே ஓடிவந்தார். நிறுத்தாமல் நிறுத்தி, ஏற்றி, மறுபடி உருட்டினாள். நடக்க முடியாதவர்களை ரைட்டு தூக்கிவந்து போட்டான். வண்டி நிரம்பி வழிந்தது.

எல்லாரும் வந்துவிட்டார்கள், முதல் வீட்டுக்காரியைத் தவிர. அவள் இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்றவள் ஆயிற்றே.

வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இவள் உள்ளே ஓடினாள். மாமியார் அடுப்பின் முன்னால் நின்றாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் இவளுக்கு ஒரு கணம் மலை மறந்துபோனது. தினமும் சூடாகச் சோறு வந்தது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. ஹாரனைக் கேட்டு மருமகளுக்கென்று வைக்கிற உலை.

"வேளைகெட்ட வேளையில ஹாரன் அடிச்சா மனுஷி என்னதான் பண்ணுவா" என்றாள் மாமியார், அடுப்பிடம்.

"அத்தை, மலை இறங்குது. வாங்க."

"ஏறமாட்டேன்னு சொன்னா சொன்னதுதான்." அதுவும் அடுப்புக்குத்தான்.

இவள் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"சரி, நானும் வரல. டிரைவர் இல்லாம வண்டி நகராது. தெருவே வெளிய உக்காந்திருக்கு, உங்களுக்காக."

மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் முகங்கள் அவளையே பார்த்தன. திரும்பினாள், நேராக மருமகளை முறைத்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? எந்திரி."

அடுப்பை அணைத்தாள். பானையைத் துணியால் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தாள்.

டிரைவர் இருக்கைக்குப் பின்னால் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். வண்டி வேகம் எடுத்தது. இவள் கண் பாலத்தைத் தேடியது, வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வளைவை மறந்தாள்.

"வளைவு வருது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஹாரனை அடி."

அடித்தாள். பாறைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகளின் ஜீப் ஒன்று கிறீச்சிட்டு நின்று, பின்வாங்கி வழிவிட்டது. வண்டி பாலத்தில் ஏறியபோது சக்கரத்தைத் தண்ணீர் தொட்டது. அக்கரையில் இறங்கியபோது பின்னால் இடிபோல ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள். தெரு இருந்த இடத்தில் மண் இருந்தது. வீடுகள் போயின, அடுப்புகள் போயின, ஆள் ஒருவரும் போகவில்லை. யாரோ கைதட்ட, வண்டி முழுக்கக் கைதட்டியது. அவள் பள்ளிக்கூடம் வரை ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. வாத்தியார் காதைப் பொத்தவில்லை. மாமியார் பானையில் இருந்த பாதி வெந்த சோற்றுக்குப் பள்ளிக்கூட அடுப்பில் மறுபடி தீ மூட்டினார்கள்.

மழைக்குப் பிறகு மேட்டில் புது வீடுகள் கிடைத்தன. அகலமான நேர் சாலை, வளைவே இல்லை. மேனேஜர் சொன்னபடி அவளும் சத்தமில்லாமல் போய்வந்தாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மாமியார் டிப்போவில் வந்து நின்றாள். மருமகள் ஓட்டிய பஸ்ஸிலேயே வந்திருந்தாள்.

"புகார் சொல்ல வந்திருக்கேன்" என்றாள் மேனேஜரிடம். "இவ இப்பல்லாம் ஹாரனே அடிக்கறதில்ல. நான் எப்பதான் உலை வைக்கிறது?"