மண்டபத்தில் ஒரு மின்நூல்

புங்குடுதீவில் எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் புராணம் படிப்பார்கள். பின்னேரப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் இருவர் அருகருகே அமர்வார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு இழுத்துப் படிப்பார். அவர் நிறுத்தியதும் மற்றவர் பயன் சொல்லுவார், அதாவது பொருளை விரித்துச் சொல்லுவார். சில பாட்டுக்குப் பயன் இரண்டு வசனத்தில் முடிந்துவிடும். சில பாட்டுக்கு அவர் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் சுற்றிவிட்டுத்தான் வந்து சேருவார். அதுவரைக்கும் படிப்பவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும்.

நான் பிறக்க முன்னரிருந்தே எங்கள் பக்கத்து வளவு ஐயாதான் படிப்பவர். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சலரோகம் என்கிற சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கிய பிறகு எத்தனை கண்ணாடி மாற்றியும் அவருக்குச் சரிவரவில்லை. போன வருடம் பூதக்கண்ணாடியைப் பிடித்தபடி படித்தார். அது இரண்டு மூன்று எழுத்தைத்தான் ஒரே தடவையில் காட்டும். வரியின் முடிவுக்குப் போவதற்குள் இராகம் அறுந்துவிடும். கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். எழும்பிப் போகிறவர்களின் காலடிச் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

இந்த வருடம் கோயில் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஐயா, இந்த முறை நீங்கள் இருந்து கேளுங்கோ. என்ர மருமோன் படிக்கட்டும்."

"முதல் நாள் மட்டும் என்னை விடும் தம்பி," என்றார் ஐயா. "சரிவராட்டில் நானே எழும்பி இடம் விடுறன்."

தலைவர் தலையாட்டினார். அவர் படலையைத் தாண்டியதும் ஐயாவின் மனைவி என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, மகள் கனடாவில இருந்து அனுப்பின ரப் அலுமாரிக்குள்ள கிடக்குது. அதில புத்தகம் படிக்கலாம் எண்டு சொல்லுகினம். ஓமோ?"

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. நான் மடத்துவெளி வாசிகசாலையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் படித்த காலம் முழுக்க மின்நூல் என்றால், வாங்க வசதியில்லாத புத்தகத்தை ஃபோனில் கண் நோகப் படிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அதைக் கண்டு நான் வியந்ததே கிடையாது.

ரப் என்று நாங்கள் சொல்லும் அந்த டேப்லெட்டில் புராணத்தை இறக்கி விறாந்தையில் ஐயாவின் மடியில் வைத்தேன். இரண்டு விரலை வைத்து எழுத்தை விரித்தேன்.

"பொறு பிள்ளை, பொறு," என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம்," என்றார். பிறகு, "இன்னும்."

எழுத்துகள் ஊதிக்கொண்டே போயின. ஒரு வரியில் நாலே சொற்கள். ஐயா மூச்சை இழுத்தார். "பனங்காய் அளவிலையெல்லே கிடக்குது!"

உடனே படிக்கத் தொடங்கினார். ஒரு பாட்டு, அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. விரலால் தள்ளுவதும் படிப்பதுமாக இருந்தார். குசினிக்குள் தேங்காய் திருவும் சத்தம் நின்றுபோனது. மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் செய்தது இரண்டு விரலை அகட்டியது மட்டும்தான். அதற்குள் ஒரு மனிதருடைய குரல் முழுதாகத் திரும்பி வந்திருந்தது.

பயன் சொல்பவர் ஐயாவின் பால்ய சிநேகிதர். செய்தி கேட்டுச் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன காணும், இனி உந்தச் சாமானுக்குச் சந்தனம் வைப்பீரோ, சார்ஜ் போடுவீரோ?"

"ரண்டும்தான்," என்றார் ஐயா.

"எனக்கெண்டால் பிடிக்கேல்லை. புத்தகம் எண்டால் புத்தகமாய் இருக்கவேணும்."

முதல் நாள் வந்தது. பட்டு விரித்த மரப்பீடத்தில் வழக்கமாகப் புத்தகம் இருக்கும் இடத்தில் ரப் இருந்தது. ஐயா அதன் உறையில் சந்தனம் தொட்டுவைத்து, பூவைச் சாத்திக் கும்பிட்டார். நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். முதல் பாட்டை அவர் எடுத்ததும் பின்னால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். குரல் ஓர் இடத்திலும் தடக்கவில்லை.

பிறகு சிநேகிதர் பயன் சொல்லத் தொடங்கினார். முதல் நாள் அல்லவா, விரிவாகவே சொன்னார். முடித்துவிட்டு ஐயாவைப் பார்த்தார்.

ஐயா குனிந்தார். படிக்கவில்லை. கண்களைக் கசக்கினார். பிறகு தன் கையை முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களை விரித்துப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டில் அவர் நிறுத்தாமல் படித்தார். அங்கே பயன் சொல்ல ஆளில்லை. தொடாமல் விட்டால் ரப் அணைந்துபோகும் என்பது எங்கள் இருவருக்கும் நினைவுக்கே வரவில்லை. இருண்டது தன்னுடைய கண் என்று அவர் நினைத்துவிட்டார். தலைவரின் மருமகன் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அரைவாசி எழும்பிவிட்டார்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "ஐயா, இருண்டது உங்கட கண் இல்லை! ரப்தான் நித்திரையாப் போச்சு! ஓரத்தில இருக்கிற பொத்தானை அமத்துங்கோ!"

மண்டபம் திரும்பி என்னைப் பார்த்தது. சிநேகிதர் ரப்பை உற்றுப் பார்த்தார். "என்ர பயனைக் கேட்டோ நித்திரையாப் போச்சு?"

"அதுவும் எங்களை மாதிரித்தானே!" என்று தூணடியில் இருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சிநேகிதரும் சிரித்தபடி பொத்தானை அமத்தினார். வெளிச்சம் ஐயாவின் முகத்தில் விழுந்தது. தன் கையை மடியில் இறக்கி வைத்தார். இரண்டாவது பாட்டைத் தொடங்கியபோது குரலில் சிறு நடுக்கம் இருந்தது. மூன்றாவது வரியில் அது போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இன்னும் நினைத்து நினைத்து வியக்கிறேன். பயன் சொல்லும்போது சிநேகிதர் வலது கையை வீசி வீசித்தான் பேசுவார். அன்று அந்தக் கை வீசவில்லை. வாய் ஒருபக்கம் தேவர்களையும் அசுரர்களையும் மோத விட்டுக்கொண்டிருக்க, ஒரு விரல் மட்டும் அடிக்கொருதரம் பீடத்துக்குப் போய், ரப்பை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்பியது. பிறகு ஒரு தரமும் அது அணையவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்ன மனிதர், தன் சிநேகிதருக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைய படிப்பு முடியும்வரை ஒருவரும் எழும்பவில்லை. மருமகன் தன் புத்தகத்தை மூடிவிட்டு, ஐயாவின் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் திருநீற்றுத் தட்டோடு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நாளைக்கும் ஐயாதான்," என்றார்.

ஐயாவுக்கு அது காதில் விழுந்ததோ தெரியாது. ஆட்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். ரப்பை எடுத்து வைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. நாளைக்குரிய பாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய, தனக்கென்று படித்துக்கொண்டிருந்தார்.