பஹ்ரைன் மணலில் புதைந்த வாடகைக் கார்

துபாயிலிருந்து லீவுக்கு பஹ்ரைன் வந்த நானும் மனைவி செல்வியும் இன்று வாடகைக் காரில் தீவைச் சுற்றினோம்.

பாலைவனத்தில் தனியாக நிற்கும் பெரிய மரத்தைப் பார்க்கப் போகும் வழியில், கார் மணலில் புதைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது.

கையிலிருந்த தண்ணீரும் தீர்ந்தது. செல்வி மாசமாக இருக்கிறாள்.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஓர் அரபுப் பெண்மணி. முதலில் செல்வியைத் தன் வண்டியில் ஏ.சி. போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் கயிறு கட்டி எங்கள் காரை வெளியே இழுத்தார்.

"ஷுக்ரன்" என்று அரபியில் நன்றி சொல்வதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் செல்வியிடம் இந்தியில், "அடுத்த தடவை நீயே ஓட்டும்மா" என்று சிரித்தார்.

"ஏங்க, நானும் லைசென்ஸ் எடுக்கப்போறேன்" என்கிறாள் செல்வி.

துபாயில் பொறுமையான டிரைவிங் மாஸ்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எனக்கும் சேர்த்துத்தான்.