நீளத் தீவின் கழுத்து

மேனேஜர் நகம் வெட்டிக்கொண்டேதான் பேசுவார். வெட்டிய துண்டு கீபோர்டில் விழும். அதை ஊதித் தள்ளுவார். அது எதிரே நிற்பவன் சட்டையில் வந்து ஒட்டும். மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் எட்டு மாதம் வேலை பார்த்தவனுக்கு இது பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

அவன் வேலை என்னவென்று அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "ஏரியில படகு விடுறாங்க, சரி. நீ கரையில நிப்பியா, படகுல உக்காருவியா?" என்று கேட்டார். ஏரி நிஜம், அதில் உள்ள தீவுகள் நிஜம், அந்த நேரத்தில் அங்கே அடிக்கும் காற்றும் நிஜம். பாய்மரப் படகு மட்டும்தான் பொய். ஆயிரக்கணக்கான பேர் வீட்டில் உட்கார்ந்தபடி செல்போனில் பாயைத் திருப்பிப் பந்தயம் ஓட்டுவார்கள். எந்தத் தீவைச் சுற்ற வேண்டும், எந்த மிதவையை எந்தப் பக்கம் விட வேண்டும் என்று பாதை போடுவது அவன் பொறுப்பு.

ஏழு மாதம் அடுத்தவர் போட்ட பாதையில் பிழை திருத்திக் கொடுத்தான். எட்டாவது மாதம் முழுப் பாதையும் அவன் கைக்கு வந்தது. பாதைக்குக் கீழே பெயர் போடுவார்கள் என்றதும் ஒரு நிபந்தனை வைத்தான்.

"பேருக்குப் பின்னாடி பி.எஸ்சி. புவியியல்னு போடணும் சார்."

"இது என்ன கல்யாணப் பத்திரிகையாய்யா?"

சிரித்தால் சிரிக்கட்டும் என்று நின்றான். அவன் வம்சத்தில் பெயருக்குப் பின்னால் எழுத எவனுக்கும் எதுவும் இருந்ததில்லை. போட்டுக் கொடுத்தார்கள்.

பாதையும் அதற்குத் தக்கபடி இருந்தது. ஏழு தீவுகள். முதல் ஆறு தீவுகளைச் சுற்றி வந்ததும் குறுக்கே நீளத் தீவு கிடக்கும். தெற்கே போனால் தூரம் குறைவு, ஆனால் குன்று காற்றை மறைக்கும். வடக்கே போனால் தூரம் அதிகம், காற்று தாராளம். ஓட்டுகிறவன் மூளையைக் கசக்காமல் அந்த இடத்தைத் தாண்ட முடியாது. அந்த ஒரு இடத்துக்காக அவன் இருபத்திரண்டு முறை மிதவைகளை மாற்றி வைத்திருந்தான்.

வரைபடத்தை எல்லாருக்கும் அறிவித்துப் பூட்டியபிறகுதான் அந்த ஓட்டை கண்ணில் பட்டது. கம்ப்யூட்டருக்குக் கரை என்பது கோடு அல்ல. நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளி விழுந்த இடம் நிலமா நீரா என்று மட்டும் பார்க்கும். நீளத் தீவின் நடுவே கழுத்து மாதிரி ஒடுங்கிய இடம் ஒன்று. அகலம் அறுபது மீட்டர். ஒரு புள்ளி இந்தப் பக்கத் தண்ணீரில், அடுத்தது அந்தப் பக்கத் தண்ணீரில். சாட்டிலைட் படத்தில் நடுவே தெரிந்த எட்டு வீடு, ஒரு பள்ளிக்கூடம், வாசலில் நின்ற மஞ்சள் டிராக்டர் எதுவும் கம்ப்யூட்டர் கணக்கில் இல்லை. படகு நேராக ஊடுருவிப் போகலாம். நாற்பது நிமிடம் மிச்சம்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தவன், ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பிடும்போது வாய் திறந்துவிட்டான். பெருமைதான், வேறென்ன. அக்கா புருஷனான மச்சான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். சிம் எடுக்கும் ஊசியால் பல் குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், ஊசியை வேட்டியில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டார். நாளைக்கு அதே ஊசி யாருடைய போனுக்குள்ளோ போகும்.

"டிகிரி மாப்ள, அந்தக் கழுத்து எங்கன்னு சொல்லு. ஜெயிச்சா பைக்கு குடுக்குறாங்களாம்ல?"

"அது ஓட்டை மச்சான். அடைக்கச் சொல்லப்போறேன்."

"அடுத்த ஞாயித்துக்கிழமைதான பந்தயம். அதுக்கு மறுநாள் அடையேன். யாரு உன் கையப் புடிச்சா?"

அக்கா தட்டை எடுத்தபடி, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "பஸ்ஸுல தொங்கிட்டுப் போறாருடா. படிச்சவன், உன்னால எங்களுக்கு இதாவது ஆகட்டுமே."

தம்பி வாங்கிய பட்டத்தால் இந்த வீட்டுக்கு ஆகவேண்டியது இதுதானா? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். போகும் வழியெல்லாம் மச்சான் மீது வந்த அருவருப்பு உளறிய தன் வாய் மீதும் வந்தது.

மறுநாள் ஓட்டையைப் பற்றிச் சொன்னபோது மேனேஜர் நகவெட்டியோடு பெருவிரலுக்கு வந்திருந்தார்.

"புள்ளிய நெருக்கி வைக்கணும்னா மூணு வாரம் ஆகும். பாதைய மாத்த முடியாது, அறிவிச்சாச்சு. யாருக்குத் தெரியப் போகுது, விடு."

"எங்க மச்சானுக்குத் தெரியும் சார். இடம் தெரியாது, இருக்குன்னு தெரியும். தேடினா கிடைச்சுரும்."

நகவெட்டி நின்றது. "எங்க, அந்த இடத்தப் பெருசாக்கிக் காட்டு."

காட்டினான். அவர் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை, அவன் நிற்கும்போதே யாருக்கோ அனுப்பினார். "அண்ணன் பையன் ஒருத்தன் ஓட்டுறான். நீ போய் வேலையப் பாரு."

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினான். குழாயடியில் யாரோ துப்பிய பாக்குச் சாறு காய்ந்திருந்தது. மேனேஜரின் அறை அதைவிட அசுத்தம் என்று தோன்றியது.

பாதையைத் தொட முடியாது. ஆனால் அதோடு ஓட்டுகிறவர்களுக்குப் போகும் பந்தயக் குறிப்பு அவன் கையில் இருந்தது. தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை வரி சேர்க்கலாம். ஆறு நாள் யோசித்தான். கழுத்து வெளியே தெரிந்தால் அவன் இருபத்திரண்டு முறை மாற்றி வைத்த இடம் செத்தது. வடக்கா தெற்கா என்று யாரும் யோசிக்கப் போவதில்லை. முதல் பாதை, பெயர் போட்ட பாதை, கேலிக்கூத்தாகும். தெரியாவிட்டால் இரண்டு பேர் மட்டும் குறுக்கே போவார்கள். பாதை அழகாகவே இருக்கும், அவன் பெயர் அதன் கீழே மினுக்கும்.

ஞாயிறு காலை அலுவலகத்தில், அந்தக் கெடு முடியச் சற்று முன்னால் வரியைச் சேர்த்தான்: 'நீளத் தீவின் நடுக்கழுத்தில் கணினிப் பிழையால் நிலம் பதிவாகவில்லை. படகுகள் அங்கே கடக்க இயலும். எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.' இடத்தையும் குறித்தான். அனுப்பினான்.

மூவாயிரத்து இருநூறு படகுகள் கிளம்பின. ஆறு தீவு வரை ஒழுங்காகச் சுற்றின. அப்புறம் கசாப்புக் கடைக்கு ஈ வருவது போல மொத்தமும் கழுத்துக்குத் திரும்பியது. வெள்ளைப் பாய்கள் எட்டு வீட்டுக் கூரை மேலும் ஏறின, பள்ளிக்கூட மைதானத்தில் மோதிக்கொண்டன, மஞ்சள் டிராக்டரை மூடிக்கொண்டு போயின. குன்றின் நிழலும் வடக்குக் காற்றும் ஆளில்லாமல் கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. பார்த்தான்.

மச்சான் தொள்ளாயிரத்துச் சொச்சமாவது இடத்தில் வந்தார். போன் அடித்தது.

"ஊருக்கே சொல்றவன் எங்கிட்ட எதுக்குடா தனியா சொன்ன?"

"தப்புதான் மச்சான். சொல்லியிருக்கக் கூடாது."

பின்னாலிருந்து அக்கா குரல் கேட்டது: "போன வைங்க. அவன் இனிமே வந்தா சோறு போட்டுட்டுப் பேசாம இருப்பேன்." அதுவும் தண்டனைதான். ஆனால் சோறு உண்டு.

திரையின் ஓரத்தில் கருத்துகள் ஓடின. தரையில் படகு விட்ட மேதை யாரப்பா என்று ஒருவன். பி.எஸ்சி. புவியியலாம், எந்தக் கடையில வாங்கினது என்று இன்னொருவன். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் நானூறு.

மேனேஜர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் பையன் இருநூறுக்குள்கூட வரவில்லை. "ஏன்யா இப்படிப் பண்ணுன? மானம் போச்சு. உன் பேரையாவது எடுத்துத் தொலைக்கவா?"

"வேணாம் சார்."

"டிகிரிய?"

"அதுவும் இருக்கட்டும்."

மேனேஜர் சட்டைப்பையில் நகவெட்டியைத் தேடினார். அவன் தன் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, கடைசிப் படகு பள்ளிக்கூடத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.