பானை வாயில் வைத்த ஸ்பீக்கர்

தினமும் விடியுமுன் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு என் ஜீப்பில் பெண்களை வேலைக்கு ஏற்றிப் போவேன். முருகன் பாட்டோடுதான் மலை ஏற வேண்டும் என்பது என் வைராக்கியம். ஆனால் வண்டியோடு வந்த ஸ்பீக்கரில் எந்தக் கேசட்டைப் போட்டாலும் கரகரத்தது. புதிது வாங்க வசதியில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? பழைய சாமான் கடையில் இரண்டு ஸ்பீக்கர் பிடித்து, மண்பானை வாய்களில் பொருத்தி, பின்சீட்டுகளுக்கு அடியில் கட்டினேன். கோயில் மேளம் மாதிரி அதிர்ந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் செல்லத்தாய் அக்கா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். உடனே தப்பு தப்பு என்று கன்னத்திலும் போட்டுக்கொண்டார். வண்டியை ஓரங்கட்டினேன்.

"என்னக்கா, பாட்டு பிடிக்கலையா?"

"சாமி பாட்டைப் போயி யாராச்சும் பிடிக்கலைம்பாகளா தம்பி? சோறாக்க மூணு மணிக்கே எந்திரிக்கிறோம். இந்த ஜீப்புலதான் செத்த நேரம் கண்ணசருவோம்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"முருகனை வாய மூடுன்னு எப்பிடிய்யா சொல்றது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே பானைகளை அவிழ்த்தேன். ஒரே ஒரு ஸ்பீக்கரை என் காலடியில் பொருத்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி வைத்தேன். இப்போதும் பாட்டோடுதான் மலை ஏறுகிறேன். வளைவுகளில் மட்டும் முன்பைவிட மெதுவாகத் திருப்புகிறேன். பின்னால் தூங்குகிறார்கள்.