நாலு மணித்தியாலத்தில் ஆள் வரும்

"வரட்டும், பார்ப்பமே." புவாத் ஹாஜியார் தொலைபேசியைச் சவுந்தரநாயகத்தின் பக்கம் தள்ளினார். "மெஷின் பழுதென்டு சொல்லுங்க. உங்கட ஆள் நாலு மணித்தியாலத்துக்குள்ள கடைக்கு வந்தா, இப்பவே கையெழுத்து வெக்கிறேன்."

கொட்டாஞ்சேனையில் ஹாஜியாருக்கு மருந்து மொத்த வியாபாரம். கிளைக் கடைகளின் இருப்பு முழுவதும் சேர்வர் என்ற ஒரே பெரிய கணினியில் இருக்கவேண்டும் என்பது அவரது ஆசை. சவுந்தரநாயகம் விற்கும் சேர்வரின் விலைக்குப் பம்பலப்பிட்டியில் உதிரிப் பாகங்களைப் பூட்டித் தரும் கணினிகள் பத்து வாங்கலாம். அது இருவருக்கும் தெரியும். ஆகவே விலையைப் பற்றிச் சவுந்தரநாயகம் வாய் திறப்பதில்லை. மெஷின் லேசில் நிற்காது, நின்றால் நாலு மணித்தியாலத்தில் ஆள் வரும். இத்தனை வருடமும் அவர் விற்றது இந்தச் சொல்லைத்தான். வெள்ளவத்தை வீட்டு வாடகையும் மகள் கௌரியின் ரியூஷனும் அதில்தான் நடந்தன. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் ஒன்றுகூட விலைப்படவில்லை. இதுவும் தவறினால் சேர்வர் பகுதியையே மூடுவதென்று கம்பனியின் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

இன்ஜினியர் வரதராசாதான் தொலைபேசியை எடுத்தான்.

"வரதன், உடன வெளிக்கிடும். ரூல் பாக்கையும் கொண்டு வாரும்."

"பாக் வேண்டாம் ஐயா. உள்ளுக்கு முழுக்க வயரும் போர்ட்டும், சோதனையில மறிப்பாங்கள். சும்மா வாறனே."

"கம்பனி ஆள் மாதிரி வாரும். கழுத்தில ரையும் கட்டும்."

"மாப்பிள்ளையா வாரார்?" என்று ஹாஜியார் சிரித்தார்.

காத்திருக்கையில் கடையின் பழைய கணினி நின்றுபோனது. பக்கத்து வீடியோக் கடைக் கிளறன்ஸ் உடுத்திருந்த சாரத்தோடேயே வந்தார். கணினிக்குள் ஒரு பாகத்தைக் கழற்றி வேறொன்றைச் செருகி ஓடவைத்தார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். சவுந்தரநாயகம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அலுவலகத்திலிருந்து அழைப்பு. சோதனைச் சாவடியில் கருவிப் பையைத் திறந்து, வயர்களைக் கண்டு குண்டோ என்று சந்தேகித்து, வரதராசாவைப் பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஹாஜியார் மணியைப் பார்க்கவில்லை. வான் வண்டிச் சாவியை எடுத்தார். "வாங்க. சிங்களத்தில நான் கதைக்கிறேன்."

வரதராசா பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். ரையைக் கழற்றி வாங்கியிருந்தார்கள். மேசையில் வயர்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். இருட்டுகிற நேரத்தில்தான் விட்டார்கள். அன்று ஹாஜியார் வைத்த கையெழுத்து, அவனுக்குப் பிணையாகப் பொலிஸ் புத்தகத்தில் வைத்ததுதான்.

"மெஷின் நல்லதுதான் மிஸ்டர்," என்றார் ஹாஜியார், திரும்பி வருகையில் வானுக்குள். "ஆள் வரணுமே."

"சோதனை இல்லாத நாளில எண்டால்..." என்று இழுத்தார் சவுந்தரநாயகம்.

"அப்பிடி ஒரு நாள் சொல்லுங்க, எடுக்கிறேன்."

மறுநாள் காலை, பம்பலப்பிட்டியிலிருந்து புதுக் கணினிகள் முச்சக்கர வண்டியில் ஹாஜியார் கடைக்கு வந்தன. கிளறன்ஸ் இறக்கி வைத்தார். வரதராசா லீவு போட்டான். பை பொலிஸிலேயே இருந்தது. சவுந்தரநாயகம் வழமையான பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போய் நடந்ததைச் சொன்னார். சேர்வர் பகுதியை மூடுகிறோம், பிரிண்டர் பகுதியில் இடமிருக்கிறது, சம்பளம் குறையும் என்றார் மனேஜர். ஓம், சரி என்றார் சவுந்தரநாயகம். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார்.