கிரேனுக்கு ஒரே சிக்னல்மேன்

புது அம்பயர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கோச் ஆட்ட நடுவுல பேசுனா உடலாமா சார்?" முன்பெல்லாம் கோச் மூக்கைச் சொறிந்தாலே வார்னிங் கொடுப்போம். இப்போது ரூல் மாறிவிட்டது, ஓரத்தில் உட்கார்ந்து சொல்லலாம். அன்றிலிருந்து எனக்குக் காதுவலி.

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டி ரிட்டயரானவன் நான். வேலையில் இருந்தபோதே லீவு நாளில் டென்னிஸ் அம்பயர். இரண்டிலும் உயரத்தில் உட்கார்ந்து திட்டு வாங்குவதுதான் வேலை.

போன வருஷம் எங்கள் தொழிற்பேட்டை டென்னிஸ் கோர்ட்டில் ஒரு புரொஃபஷனல் டோர்னமென்ட். அதன் கடைசித் தகுதிச் சுற்று மேட்சை ஜெயித்தால் மீஞ்சூர்ப் பெண் நான்சிக்கு முதல் முறையாக மெயின் டிராவில், அதாவது பிரதான சுற்றில், இடம். அவள் அப்பா அந்தோணி வேறொரு மில்லில் சிக்னல்மேன், கீழே நின்று கை காட்டி கிரேனை நடத்துபவர். சென்னையிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட கோச் ஒருவரையும் பிடித்து வந்திருந்தார்.

பாயின்ட்டுக்குப் பாயின்ட் கோச் கத்தினார், "நெட்டுக்கு ஏறு, அட்டாக்!" அந்தோணிக்கோ கை சும்மா இருக்காது. விரலைக் கீழே காட்டிச் சுழற்றினார். மில்லில் அது 'லோடை மெதுவாக இறக்கு'. அதாவது நெட்டை ஒட்டி மெல்ல விழும்படி டிராப் ஷாட் போடு என்கிறார். நான்சி பாதி ஏறி, பாதி இறக்கி, பந்தை நெட்டிலேயே போட்டாள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எதிரே நின்ற பெண் முதல் செட்டை அள்ளிக்கொண்டு போனாள். எனக்கு வயிறு எரிந்தது. அம்பயருக்கு எரியக் கூடாதாம்.

இரண்டாவது செட்டிலும் பின்தங்கியதும் நான்சி அவர்கள் பக்கம் திரும்பினாள். உள்ளங்கை கீழே பார்க்கக் கையை நீட்டி, இடமும் வலமுமாக வீசினாள். ஷிப்ட் முடிந்து பார்க்க வந்திருந்த மில் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மில்லில் அது 'நிறுத்து'. கிரேனுக்கு ஒருத்தர்தான் சிக்னல் தரலாம். 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். அந்தோணி பழக்கதோஷத்தில் உடனே கையைக் கட்டிக்கொண்டார்.

"என்ன காட்டுறா அவ?" என்றார் கோச்.

"வாய மூடிக்கினு குந்து சார். லோடு தொங்கிக்கினு கீது" என்றார் அந்தோணி.

கோச் என்னிடம் பாய்ந்தார். "அம்பயர், கோச்சிங் அலவுட்தானே?"

"அலவுட்தான் சார். நீங்க பேசலாம்னு ரூல் கீது. அவ கேக்கணும்னு இல்லியே."

அதன் பிறகும் கோச் கத்திக்கொண்டேதான் இருந்தார். நான்சி காதில் வாங்காமல் தன் ஆட்டத்தை ஆடி ஜெயித்தாள். "முக்கியமான நேரத்துல நான் அமைதியா இருந்தேன், அதுதான் ஸ்ட்ராட்டஜி" என்று கோச் ஒரு நிருபரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோச்சிங் இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே எங்கள் மில் ரூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சொல்ல ஒருத்தர், ஆடுகிறவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். அன்று அதைக் கடைசிவரை மதித்தவர் அந்தோணி ஒருவர்தான். மேட்ச் முடிந்தும் கட்டிய கையை எடுக்கவில்லை. நான்சி வந்துதான் பிரித்துவிட்டாள்.